இறங்கியே கிடந்த பேட்டரி

காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகே ஒரு வீட்டின் மாடியில் ஆய்வு மாணவர் ஒருவர் குடியிருந்தார். கீழ்வீட்டில் உரிமையாளர் தம்பதியர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அந்த அண்ணாச்சி. கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது 2021இல். அதற்கு முன்பே அவர் தம் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, அதற்குள் இரு படுக்கைகள், சிறு அடுப்பு, மின்விசிறி, விளக்குகள் ஆகியவற்றைப் பொருத்தியிருந்தார். மனைவியோடு தனுஷ்கோடிவரை அதில் போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

2020 மார்ச் மூன்றாம் வாரம், பேரக்குழந்தையைப் பார்க்க இருவரும் நாகர்கோவிலுக்கு ரயிலேறினர். மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. களியக்காவிளை எல்லையில் போக்குவரத்து நின்றுபோனது. சில நாள்களுக்கென்று போனவர்கள் அக்டோபர் வரை திரும்பவில்லை. மாணவரின் உதவித்தொகை தாமதமாவதை அறிந்த அண்ணாச்சி, ஊரடங்கு முடியும்வரை வாடகை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வண்டியக் கொஞ்சம் பாத்துக்கிடு மக்கா.”

மாணவர் பார்த்துக்கொண்டார், அல்லது அப்படி நினைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். அந்த வேனில் இரண்டு பேட்டரிகள் இருப்பதும், இயந்திரத்தோடு இணைந்தது முன்புறத்துச் சிறிய பேட்டரி மட்டுமே என்பதும் அவருக்குத் தெரியாது. விளக்குக்கும் விசிறிக்குமான 150 ஆம்பியர்-மணி பேட்டரி படுக்கைக்கு அடியில் இருந்தது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் தனிச் சார்ஜர்தான் அதற்கு உணவு. அந்தச் சார்ஜரை எவரும் இணைக்கவில்லை.

நிற்கும் வண்டியும் மின்சாரத்தைத் தின்னும். எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி, பாட்டுப்பெட்டியின் கடிகாரம் போன்றவை ஓசையின்றி மின்னோட்டத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால், நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. நான்கு மாதத்தில் 150இல் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இதற்கு மேல், ஈய-அமிலப் பேட்டரி எதனோடும் இணைக்கப்படாதபோதும் தானாகவே மெல்ல மின்னிறக்கம் அடையும். வெப்பம் ஏறஏற அந்த வேகமும் கூடும். ஏறத்தாழ 10 பாகை உயர்ந்தால் இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. திருவனந்தபுரத்தின் ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு நன்றாகவே துணைநின்றன.

ஜூலை 6 அன்று நகரத்தில் மும்மடி ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் வேனுக்குள் விளக்கைப் போட்ட மாணவர், அது மங்கிச் சிவந்து எரிவதைக் கண்டார். மல்ட்டிமீட்டர் 10.9 வோல்ட் காட்டியது. முழுமையாக மின்னேறிய பேட்டரி ஓய்வுநிலையில் 12.7 வோல்ட் அளவில் நிற்க வேண்டும், 12.4க்குக் கீழே போகவிடாமல் காப்பது நல்லது, 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம். 10.9 என்பது வெறும் பாத்திரம்.

அந்த ஞாயிறு அண்ணாச்சி அழைத்தபோது, “வண்டி நல்லா இருக்கு, அண்ணாச்சி” என்றார் மாணவர். வாடகை வாங்காதவரிடம் வேறு எதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். இப்படி ஐந்து ஞாயிறுகள் கழிந்தன.

அந்த ஐந்து வாரங்களில்தான் உண்மையான சேதம் நிகழ்ந்தது. மின்னிறங்கும்போது இரு வகைத் தகடுகளின்மேலும் ஈய சல்ஃபேட் படிகிறது. கந்தக அமிலம் நீர்த்துப்போகிறது. இது நோயன்று, அந்தப் பேட்டரியின் இயல்பான தொழில். புதிதாகப் படியும் சல்ஃபேட் நுண்ணிய துகள்களாக இருப்பதால், உடனே மின்னேற்றினால் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்படியே விட்டுவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய, கடினமான படிகங்களாகின்றன. பிறகு எந்தச் சார்ஜராலும் அவற்றை முழுமையாகக் கரைக்க இயலாது. பேட்டரியைக் கொல்வது மின்னிறக்கமன்று. இறங்கிய நிலையிலேயே கிடப்பது.

ஆகஸ்டு நடுவில் மாணவர் உண்மையைச் சொன்னார். மறுமுனையில் சற்றுநேரம் பேச்சில்லை. பின்பு, “கட்டிலுக்கு அடியில சார்ஜர் இருக்கு, எடுத்து மாட்டிப் பாரு. பேட்டரி போனா போகட்டும் மக்கா. ஒரு மாசம் முன்ன சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்றார் அண்ணாச்சி. சார்ஜரை மாட்டியதும் மின்னழுத்தம் சட்டென்று 14ஐத் தாண்டியது. ஆனால் மின்னோட்டத்தைப் பேட்டரி ஏற்கவில்லை. அமிலத்தின் ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் மிதவையும் ஏறவில்லை. சல்ஃபேட் இறுகிவிட்டது என்பதற்கு இவை தெளிவான அடையாளங்கள்.

முன்புறத்துப் பேட்டரியையாவது காப்பாற்ற வேண்டும் என்று மாணவர் முறையாகக் கற்கத் தொடங்கினார். நெடுநாள் நிற்கப்போகும் வண்டியில் முதலில் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மாதம் ஒருமுறை மின்னழுத்தத்தை அளந்து முழுமையாக மின்னேற்ற வேண்டும்; அல்லது, தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்கும் சார்ஜரோடு இணைத்து வைக்கலாம். தகடுகள் அமிலத்தில் மூழ்கியிருந்தால், காய்ச்சி வடித்த நீரை மின்னேற்றிய பின்பே நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிப்படுவதால் கதவுகள் திறந்திருக்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடுவது பெரும்பாலும் மனத்திருப்திக்குத்தான். கிளப்புவதற்குச் செலவானதையே அது சரியாக ஈடுசெய்வதில்லை.

காரியவட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் தும்பா. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய லித்தியம்-அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கு வழங்க இஸ்ரோ 2018இல் முன்வந்தது. லித்தியத்தின் இயல்பு வேறு. ஈயப் பேட்டரியை முழுமையாக மின்னேற்றி வைக்க வேண்டும். லித்தியத்தைப் பாதியளவில் வைப்பதே நல்லது. புவிநிலைச் செயற்கைக்கோள்களின் பேட்டரிகளும் ஆண்டின் பெரும்பகுதி சும்மாவே இருக்கின்றன. சம இரவு நாள்களையொட்டி, ஆண்டுக்கு இருமுறை, ஏறத்தாழ 45 நாள்களுக்கு மட்டும் அவை பூமியின் நிழலுக்குள் புகுந்து வெளிவரும். அந்த நிழல் ஒரு நாளில் 72 நிமிடத்தைத் தாண்டாது. எஞ்சிய மாதங்களிலும் தரையிலிருப்போர் அந்தப் பேட்டரியின் நிலையைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள்.

அக்டோபரில் அண்ணாச்சி திரும்பினார். முன்பேட்டரி முதல் திருப்பிலேயே இயந்திரத்தைக் கிளப்பியது. உள்பேட்டரியைப் பழைய ஈயத்தின் விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார்கள். அதன் விலையை உதவித்தொகை வந்ததும் மாணவர் நான்கு தவணைகளில் கொடுத்தார். வேண்டாமென்று முதலில் மறுத்த அண்ணாச்சி, பின்பு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு முழுவதும் எழுதப்படாமல் கிடந்த ஓர் இயலைப் பற்றி, மாணவர் தம் நெறியாளரிடம் ஏழு மாதங்களாக “நடந்துகொண்டிருக்கிறது” என்றே சொல்லிவந்தார். புதிய பேட்டரி வந்த மறுநாள் காலை, அவர் நெறியாளரைத் தொலைபேசியில் அழைத்தார்.