மேல் வீட்டுத் தண்ணீரும் பொங்கல் போட்டோவும்

பி.காம் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி இது: காப்பீட்டின் அடிப்படைக் கோட்பாடுகளை விளக்குக. பத்து மார்க். உட்மோஸ்ட் குட் ஃபெய்த், இன்டெம்னிட்டி, ப்ராக்ஸிமேட் காஸ் என்று நானும் நாலு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். ஆனால் எழுதினதுக்கு அர்த்தம் புரிந்தது பரீட்சை ஹாலில் இல்லை. போன ஜூலையில், எங்கள் படுக்கையறையில், ஊறிப்போன மெத்தைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டில், முதல் மாடி. அன்றைக்குக் காலேஜிலிருந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே மழை. நிஜமாகவே மழை! சீலிங்கிலிருந்து சொட்டு சொட்டாக இல்லை, கோடாக ஊற்றுகிறது. மேல் வீட்டு பாத்ரூமில் ஹீட்டருக்குப் போகிற கனெக்ஷன் பைப்பின் நட் உடைந்திருக்கிறது. மேல் வீட்டு ஆன்ட்டி பேங்க்குக்குப் போயிருந்தார். எத்தனை மணி நேரம் ஓடியதோ.

மெயினை ஆஃப் செய்தேன். வாட்ச்மேன் தாத்தா மொட்டை மாடிக்கு ஓடி கேட் வால்வை மூடினார். அதற்குள் அம்மா வந்துவிட்டார். நான் போனை எடுத்து போட்டோ எடுக்க ஆரம்பித்ததும் ஒரு திட்டு. "வீடே மெதக்குது, இவளுக்கு போட்டோ கேக்குது. தொடைடி முதல்ல!"

அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு. சேதம் அதிகமாகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. அதற்காக முதலில் துடைத்துவிட்டால் என்ன நடந்தது என்பதற்கு சாட்சி இருக்காது. அஞ்சு நிமிஷம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் மேல் பயம் கலந்த பக்தி. அதனால் எங்களிடம் வீட்டுக்கு பாலிசி இருந்தது. பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ கொண்டுவந்த பொதுவான வீட்டுக் காப்பீடு இது. தீ, வெள்ளம், பூகம்பம் வரிசையில் ஒரு வரி உண்டு: தண்ணீர்த் தொட்டி, குழாய், சாதனங்கள் வெடிப்பது அல்லது நிரம்பி வழிவது. அன்றைக்குத்தான் அந்த வரியை நான் முதல்முறை படித்தேன்.

கம்பெனிக்கு போன் செய்தோம். எதிர்முனைப் பெண் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு நஷ்டம் என்பதில்லை. "பைப் வெடிச்சுதா மேடம், இல்ல ரொம்ப நாளா சீப்பேஜா?"

மொத்தக் கதையும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. திடீரென்று பைப் உடைந்து கொட்டினால் அது விபத்து. வருஷக்கணக்கில் சுவரில் ஓதம் ஏறினால் அது பராமரிப்புக் குறை. இரண்டிலும் நனைவது அதே சுவர்தான். ஆனால் முதலாவதற்குத்தான் பணம்.

பாடத்தில் இதற்கு ஒரு எலிக்கதை வரும். கப்பலில் அரிசி மூட்டைகள். ஒரு எலி பைப்பைக் கடித்து ஓட்டை போட, கடல் தண்ணீர் புகுந்து அரிசி கெட்டுப்போனது. இது எலி செய்த சேதமா, கடல் ஆபத்தா? ஹாமில்டன் எதிர் பாண்டார்ஃப் வழக்கு. கடல் ஆபத்துதான் என்று 1887ல் இங்கிலாந்தின் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொல்லியது. வகுப்பில் எலியை நினைத்துச் சிரித்தேன். இப்போது எங்கள் வீட்டில் உடைந்த நட்தான் எலி. அது என்றைக்கு, எங்கே உடைந்தது என்று நான் நிரூபிக்க வேண்டும்.

செய்தவை இவை. உங்களுக்கும் உதவலாம்.

போட்டோவில் முதலில் முழு அறை, பிறகு சுவர், பிறகு கிட்டத்தில். கிட்டப் படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல். எதையும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவில்லை. அப்படி அனுப்பினால் எடுத்த தேதி, நேர விவரம் படத்திலிருந்து உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் தங்கும்.

ஈரத்தின் ஓரத்தைச் சுற்றி பென்சிலில் கோடு போட்டு தேதியும் நேரமும் எழுதினேன். மறுநாள் காலை ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. வால்வை மூடியதும் நின்றுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ப்ளம்பர் அண்ணன் உடைந்த நட்டைக் குப்பையில் போடப் போனார். பிடுங்கி ஒரு கவரில் போட்டு வைத்தேன். பில்லில் "பைப் வேலை" என்று மட்டும் எழுதாமல், எந்த வீடு, எந்தப் பைப், எது உடைந்திருந்தது என்று எழுதித் தரச் சொன்னோம். அசோசியேஷன் செக்ரட்டரியிடம் தேதி போட்டு ஒரு கடிதம். மெத்தையை சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடவில்லை. நாற்றம் தாங்கவில்லை, அது வேறு கதை.

கஷ்டமானது மேல் வீட்டு பாத்ரூமைப் படம் எடுப்பதுதான். ஆன்ட்டி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். "ஏம்மா, எல்லாத்தையும் எங்கிட்டயே வாங்கப் போறீங்களா?" குரல் நடுங்கியது. தனியாக இருக்கிறவர், பென்ஷன்தான் வருமானம். இது உங்கள் மேல் கேஸ் போட இல்லை ஆன்ட்டி, பைப் எங்கே உடைந்தது என்று காட்டத்தான் என்று விளக்கினேன். விளக்கும்போதே உள்ளே உறுத்தியது. நஷ்டஈடு கொடுத்த கம்பெனி, காரணமானவரிடம் அதைக் கேட்கலாம் என்பதும் அதே நாலு பக்கத்தில் வருகிறது. பெயர் சப்ரோகேஷன். அதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு கதவைத் திறந்தார். இதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது பொங்கல் போட்டோ. லிஸ்ட்டுக்காக பழைய படங்களில் பீரோவைத் தேடினேன். ஜனவரியில் எடுத்த ஒன்றில் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் தலைக்குப் பின்னால் சீலிங் மூலையில் காப்பி நிறத்தில் ஒரு கறை. இப்போது நனைந்த அதே சீலிங்.

அப்பாவிடம் காட்டினேன். "அந்தப் படத்த நீயா குடுக்காத. யாரும் கேக்கப் போறதில்ல" என்றார். அப்பா ஏமாற்றுகிறவர் இல்லை. 64,000 ரூபாய் கணக்குப் போட்டிருந்தோம், அவ்வளவுதான். நான் ஒன்றும் பேசவில்லை. உட்மோஸ்ட் குட் ஃபெய்த்துக்கு உதாரணத்தோடு முழு மார்க் வாங்கியவள்!

மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். ஏணி போட்டு ஏறி, அந்த மூலையை விரலால் தேய்த்தார். விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டியது. "இங்க ஏற்கெனவே ஓதம் இருந்துதா சார்?" அப்பா என்னைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சொன்னது நான் எதிர்பார்க்காதது. "நல்லதாப் போச்சு. மூலையத் தவிர மிச்ச சீலிங் ஜனவரில சுத்தமா இருந்துருக்கு பாருங்க." மூலை பழசு என்று கழித்தார். மீதி, பீரோ, மெத்தை எல்லாம் புதுச் சேதம் என்று எழுதிக்கொண்டார். கடைசியில் கைக்கு வந்தது 41,500.

படம் இல்லாவிட்டால் சீலிங் முழுவதுமே பழைய ஓதம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அது தெரிந்து நான் படத்தைக் கொடுக்கவில்லை. அவர் கேட்டதால் கொடுத்தேன். கேட்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா? இன்னும் பதில் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. தண்ணீர் வந்த பிறகு எல்லாரும் போட்டோ எடுப்போம். வராத நாளிலும் எடுத்து வையுங்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காய்ந்த சுவர், காய்ந்த சீலிங், பாத்ரூம் மூலை, பீரோவுக்குப் பின்னால். ஓதம் தெரிந்தால் அப்போதே சரி செய்துவிடலாம். யாராவது பைத்தியமா என்று கேட்டால் பி.காம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.