அருவியை நிறுத்திய காட்டுக்கு

என் அன்புக் காடே,

அருவியில் குளிக்க ஆசை வந்தால் குயிலாப்பாளையத்துக்காரர்கள் நாங்கள் கல்வராயன் மலைக்கு வண்டி ஏறுவோம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை மேகம் அருவியும் பெரியார் அருவியும் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து அருவிகள்தான். அங்கே காடு அருவிக்குத் தாயாக இருக்கிறது. நீயோ எங்கள் ஊரில் ஓர் அருவியை நிறுத்தினாய். இந்த மடல் அதற்கு நன்றி சொல்லத்தான்.

காடே, நீ இல்லாத காலத்து மழையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இந்தச் செம்மண் மேட்டில் தண்ணீரை மறிக்க ஒரு புதர் கிடையாது. மண்ணை அறுத்துக்கொண்டு ஓடிய வெள்ளம், ஓடைப் பள்ளங்களின் விளிம்பில் சிவப்பு அருவியாகக் கொட்டும். பொம்மையார்பாளையம் பக்கம் கடலில் இறங்கி, கரையோரத் தண்ணீரையே செங்காவியாக்கிவிடும். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கொட்டியது எங்கள் கொல்லைகளின் மேல்மண். மாதக் கணக்கில் காத்திருந்து வாங்கிய மழை, ஒரே இரவில் கிழக்கே போய்விடும்.

காடே, உன்னை வளர்த்த கைகளை நினைக்காமல் உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? 1968-இல் ஆரோவில் தொடங்கியபின் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் இந்தப் பொட்டல் வெயிலில் குடிசை போட்டார்கள். அவர்களோடு எங்கள் சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும் கூலிக்கு மண் வெட்டினார்கள், கரை போட்டார்கள், மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினார்கள். முதலில் கரை, பிறகுதான் மரம். மழைத்தண்ணீரை அது விழுந்த இடத்திலேயே நிற்கவைத்து மண்ணுக்குள் இறக்கிய பிறகே உன் வேர் பிடித்தது. உன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கூலிப்பெண்களை ஒரு வரியில் கடந்துபோவது எனக்குப் பொறுப்பதில்லை.

காடே, கத்திச்சவுக்குக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். எதுவும் முளைக்காத மண்ணில் முளைத்து, இலையை உதிர்த்து உதிர்த்து மண்ணுக்கு உரம் சேர்த்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது அவைதான் முதலில் சாய்ந்தன. எல்லாம் போயிற்று என்றுதான் அன்று நினைத்தோம். விழுந்த மரங்களின் இடைவெளியில் வெயில் இறங்கியதும், அடியில் ஒதுங்கி நின்ற நம் நாட்டு மரங்கள் மேலே வந்தன.

காடே, வீரையையும் காசானையும் கருங்காலியையும் எனக்கு அடையாளம் காட்டியது நீ. இந்தக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் பிள்ளைகள் அவை. வெட்டி வெட்டி அழித்தது போக, சாமிக்குப் பயந்து விட்டுவைத்த கோயில்காடுகளில்தான் அவை மிஞ்சியிருந்தன. மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு உனக்குப் பாட்டி முறை. அப்படிப்பட்ட கோயில்காடுகளில் பொறுக்கிய விதைகள் பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களின் நாற்றங்கால்களில் கன்றாகி உன்னிடம் வந்தன. மிச்சத்தைச் சின்னான் குருவிகளும் மரநாய்களும் பழம் தின்று விதைத்தன. இப்போது இரவில் நரி ஊளை கேட்டால், என் வீட்டுப் பிள்ளைகள் பயப்படாமல் காது கொடுக்கிறார்கள்.

காடே, 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவையும் எந்தக் காடு தாங்கும்? இப்படிப்பட்ட மழைக்கு ஓடைகளில் இன்னும் சிவப்புத் தண்ணீர் ஓடத்தான் செய்யும். அதற்காக உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ மறித்து மண்ணுக்குள் அனுப்பிய தண்ணீரைத்தான் நாங்கள் இறைத்துக் குடிக்கிறோம். கரைகளில் உடைப்பு எடுத்த இடங்களுக்கு மண்வெட்டி வேண்டும். ஆடி முடிவதற்குள் தெருப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் நிழலில் வளர்ந்த,
குயிலாப்பாளையத்துக்காரன்