மாஞ்சோலையில் வேலை, வீடு எங்கே?

2018 ஆவணி மாதம் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் உளசமூகப் பணியாளராக எனக்கு வேலை கிடைத்தது. கடிதத்தைக் காட்டியபோது அம்மா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "பஸ் எந்த வழியால போகும்?" என்றுதான் கேட்டார்.

கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவுக்கு இரண்டு வழிகள் உண்டு. பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் தாண்டி, வட்டுவாகல் பாலத்தால் போவது ஒன்று. ஏ9 வீதியால் மாங்குளம் வரை போய், ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போவது மற்றது. வட்டுவாகல் பாலத்தை நாங்கள் 2009 மே மாதம் நடந்து கடந்தவர்கள். பாலத்தடி வரைக்கும் அப்பா எங்களோடு வந்தார். அதன் பிறகு அம்மா அந்தப் பாதையால் போனதே இல்லை. ஆகவே மாங்குளத்தால் போய் வீடு பார்த்தோம்.

வைத்தியசாலை இருப்பது மாஞ்சோலையில். முல்லைத்தீவு நகரம் கடலோடு இருக்க, இது உள்ளே முள்ளியவளைப் பக்கமாக இருக்கிறது. வேலைக்கு வருகிற பலர் விடுதியில் தங்குவார்கள். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் விடுதியில் இருக்க முடியாது. சமூகவியல் படித்தவள் அல்லவா, ஒரு கொப்பியில் கோடு போட்டு வாடகை, தூரம், தண்ணீர், பஸ் என்று நான்கு நிரல்கள் எழுதிக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் நகரம். கடை, வங்கி, கச்சேரி எல்லாம் கிட்ட. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்து, பின்னர் யுத்தத்திலும் அழிந்து, மறுபடியும் எழும்பிய இடம். நாங்கள் பார்த்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் சவர். வாடகை 12,000 ரூபா. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் எடுக்கவில்லை.

வற்றாப்பளையில் பார்த்த வீடுதான் எல்லாவற்றிலும் நல்லது. கண்ணகி அம்மன் கோவிலுக்குக் கிட்ட, புதுக் கூரை, நல்ல தண்ணீர், நான்கு நிரல்களுக்கும் சரி போடலாம். வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்து காட்டினார். வெளியே நந்திக்கடல் பளபளவென்று கிடந்தது. அம்மா உடனே திரும்பி முற்றத்துக்கு நடந்துவிட்டார். "நல்ல வீடு பிள்ளை. வேற பாப்பம்" என்றார். கொப்பியில் அதற்கு ஒரு நிரல் போட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முள்ளியவளையில் ஒரு வீட்டு அம்மா, "தாயும் மகளும் மட்டுமோ? ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று தொடங்கி, "ஊரிலை எவடம்? ஆரின்ரை ஆக்கள்?" என்று வந்து நின்றார். சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. மெனிக்பாமில் தண்ணீருக்கு ஒரே வரிசையில் நின்றபோது எவரும் கேட்காத கேள்வி. இன்னொரு ஒழுங்கையில் நாங்கள் நுழைந்ததும் இரண்டு மூன்று வீட்டுப் படலைகள் படபடவென்று சாத்தப்பட்டன. தோளில் பையும் கையில் கொப்பியுமாகப் போன என்னை நுண்கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்களாம்! பிறகு படலையைத் திறந்து தேத்தண்ணி தந்தார்கள். ஆனால் வாடகைக்கு அங்கே வீடு இல்லை.

வைத்தியசாலையில் வேலை செய்யும் ஓர் அக்காதான் நீராவிப்பிட்டியில் ஒரு வீடு சொன்னார். தண்ணீரூற்றுக்கு அடுத்த முஸ்லிம் கிராமம். 1990 ஒக்டோபரில், நான் பிறந்த வருடத்தில், விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். புத்தளத்தில் ஏறக்குறைய இருபது வருடம் இருந்து, யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்த குடும்பம் அது. கணவரை இழந்த ஒரு தாய், படிக்கிற மகள், பக்கத்தில் ஒரு சின்ன வீடு. "பண்டி இறைச்சியும் சாராயமும் மட்டும் வேண்டாம் பிள்ளை" என்றார். "நானே மீனும் ஒறுத்துத்தான் சாப்பிடுறனான்" என்றார் அம்மா. எவடம் என்று அந்த அம்மா கேட்கவில்லை. வாடகை 6,000 ரூபா. "புத்தளத்தில நாங்களும் வாடகைக்கு அலைஞ்சனாங்கள்" என்று சொல்லி, முற்பணத்தை மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொண்டார். திரும்பி வரும்போது அம்மா மெதுவாக, "அவையளோட எங்களுக்குச் சரிவருமோ?" என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வைத்தியசாலை வேலைக்காக ஊர் மாறும் சகோதரிகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள். பொழுதுபட்ட பிறகு ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் இருந்து அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். வீதி விளக்கு எரிகிறதா, நாய்த்தொல்லை உண்டா, எந்த வீட்டில் கூப்பிட்டால் ஆள் வரும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சிற்றூழியராகவோ தாதியாகவோ இரவு வேலை செய்யும் தாய்மாருக்கு, பிள்ளை இரவில் யாருடைய கண் பார்வையில் இருக்கும் என்பது வாடகையை விடப் பெரிய கேள்வி. வீட்டுத் தரகரிடம் கேட்காமல் கிணற்றடியில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள்.

எனக்கு வெளிக் கிளினிக் நாட்களில் திரும்பிவர இருட்டிவிடும். அந்த நாட்களில் வீட்டுக்கார அம்மா எங்கள் திண்ணையில் வந்து இருப்பார். அம்மாவுக்கு இரவில் திடுக்கிட்டு எழும்புகிற வருத்தம் உண்டு. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "ஒண்டுமில்லை அக்கா, நான் இருக்கிறன்" என்று குரல் வரும். உளநலப் பிரிவில் வேலை செய்கிற நான் அம்மாவுக்குச் செய்ய முடியாத உதவி அது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று பின்னேரமே எங்கள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சித்தி, மாமி, கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா, எல்லோருக்கும் ஒரே பேச்சு: "முதல்ல அந்த வீட்டை விட்டு வெளிக்கிடுங்கோ." வீட்டுக்கார அம்மாவின் மகள் பஸ்ஸில் யாரோ சொன்ன சொல்லால் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு கடித உறையுடன் வந்து திண்ணையில் இருந்தார். "நீங்கள் போறதெண்டால் நான் குறை நினைக்க மாட்டன். இது முற்பணக் காசு" என்றார்.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். உண்மையைச் சொன்னால், போய்விடலாம் என்ற எண்ணமும் எனக்கு வந்தது. அம்மா உறையை எடுத்து அவர் மடியில் திரும்ப வைத்தார். "2009இல முகாமில இருந்து வெளியில வந்த நேரம் எங்களையும் எல்லாரும் இப்பிடித்தான் பாத்தவை. நான் இன்னொருக்கா மூட்டை கட்ட மாட்டன்" என்றார்.

அந்த வருடம் நோன்பு மாதத்துக்குள் மே 18 வந்தது. பத்தாவது வருடம். அம்மா ஒவ்வொரு வருடமும் அன்று ஒரு பானை கஞ்சி காய்ச்சுவார், அரிசியும் தண்ணீரும் மட்டும். பொழுதுபட்டு வாங்கு சொன்ன பிறகு, அடுத்த வீட்டில் இருந்து நோன்புக் கஞ்சி வந்தது. அம்மா தன் கஞ்சியில் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டுக்கார அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தேங்காய்ப்பால் விடேல்லையோ அக்கா?" என்று கேட்டார்.

"அப்ப எங்களுக்குத் தேங்காய் கிடைக்கேல்லை" என்றார் அம்மா. இருவரும் அங்கேயே இருந்து நெடுநேரம் பேசினார்கள். நான் உள்ளே போய் அடுத்த நாள் கிளினிக்குக்குக் கொப்பிகளை அடுக்கினேன்.

இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். வாடகை கூடிவிட்டது, மாரிக்கு முன்பு கூரையில் இரண்டு தகடு மாற்ற வேண்டும். அம்மா இன்னமும் மாங்குளத்தால் வருகிற பஸ்ஸில்தான் ஏறுகிறார்.