முந்நூறு வருடமாகக் கத்தரிக்குப் பணியும் மரம்

இங்கிலாந்தில் பிள்ளைகளோ உடன்பிறப்புகளோ வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களைப் பார்க்கப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், ஒரு நாளை லெவன்ஸ் ஹோல் தோட்டத்துக்காக ஒதுக்கி வையுங்கள். இலண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயிலேறினால் சுமார் மூன்று மணித்தியாலத்தில் ஒக்ஸன்ஹோம் வந்துவிடும். அங்கிருந்து காரில் சில மைல்தான்.

மாளிகையின் பக்கத்திலுள்ள தோட்டத்தில் கால் வைத்ததும் நீங்கள் ஒரு கணம் திகைத்து நிற்பீர்கள். ஆளை விட உயர்ந்த சதுரங்கக் காய்கள், விரித்த குடை, நீதிபதியின் பொய்முடி என்று பச்சை நிறத்தில் சுமார் நூறு உருவங்கள் எழுந்து நிற்கும். இவை சிலைகள் அல்ல, உயிருள்ள மரங்கள். வருடா வருடம் வெட்டி வெட்டியே இந்த வடிவங்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இக்கலையை டொப்பியரி என்பர். கீயோம் போமோன் என்ற பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர் 1694ஆம் ஆண்டளவில் இத்தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் ரசனை மாறி, இத்தகைய தோட்டங்கள் பலவற்றை இங்கிலாந்தில் அழித்துவிட்டார்கள். லெவன்ஸ் தப்பிப் பிழைத்தது.

இங்கே பிரதானமாக இரண்டு செடிகளைக் காண்பீர்கள். ஒன்று பொக்ஸ், மற்றது யூ. வீட்டு முற்றத்தில் உருவம் வெட்ட விரும்பும் ஒருவர் இன்று இவற்றில் எதை நடுவது? இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பல வருட உழைப்பு வீணாகுமா, நிலைக்குமா என்பது இந்தத் தெரிவில்தான் இருக்கிறது.

பொக்ஸுக்கு வந்த சோதனை

உருவம் வெட்டுவதற்குப் பொக்ஸ்தான் ஆதிகாலம் முதல் பேர்போனது. சிறிய இலை, நெருக்கமான கிளை, மெதுவான வளர்ச்சி. உரோமர்கள் தம் தோட்டங்களில் பொக்ஸ் செடிகளை எழுத்துக்களாகவும் மிருகங்களாகவும் வெட்டி வைத்ததை இளைய பிளினி தன் கடிதமொன்றில் விவரித்திருக்கிறார்.

ஆனால் 1990களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் பொக்ஸைத் தாக்கும் ஒரு பூஞ்சண நோய் தென்பட்டது. ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் அது வேகமாகப் பரவும். இலைகள் கபில நிறமாகி உதிரும், தண்டில் கருங்கோடுகள் விழும். அது போதாதென்று கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஓர் அந்துப்பூச்சியும் சேர்ந்துகொண்டது. 2007இல் பிரித்தானியாவில் முதன்முதலாக அப்பூச்சி காணப்பட்டது; அதன் புழுக்கள் 2011 முதல் வீட்டுத் தோட்டங்களிலும் புகுந்தன. பச்சை உடலும் கறுத்த தலையும் கொண்ட இப்புழுக்கள் நூல் பின்னி, இலைகளைத் தின்று செடியை மொட்டையாக்கிவிடும். இருபது வருடம் பேணி வளர்த்த வேலி ஒரு கோடையிலேயே பாழாகலாம்.

யூ ஏன் நல்லது?

யூவை இந்நோயும் இப்புழுவும் தாக்குவதில்லை. அதைவிடப் பெரிய சிறப்பு ஒன்றும் உண்டு. பெரும்பாலான ஊசியிலை மரங்களில் பச்சையைத் தாண்டிப் பழைய கட்டை வரை வெட்டினால் அந்த இடம் மீண்டும் துளிர்க்காது. யூவோ வயதான தண்டிலிருந்தும் புதிதாகத் துளிர்விடும். உருவம் பெருத்துப் போனால் ஒரு வருடம் ஒரு பக்கத்தையும், அது தேறிய பின் மறுபக்கத்தையும் கட்டை வரை வெட்டித் திரும்பவும் சீராக்கலாம். நூற்றாண்டுகளைக் கடந்தும் இவ்வுருவங்கள் நிலைப்பதன் இரகசியங்களில் இதுவும் ஒன்று.

யூ வளரக் காலமெடுக்கும் என்று சிலர் தயங்குவார்கள். நன்றாக வேரூன்றிய செடி வருடத்துக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். ஆள் உயர வேலிக்குப் பத்து வருடமளவில் காத்திருந்தால் போதும். கோடையின் இறுதியில் ஒரு தடவை வெட்டிவிட்டால் அடுத்த வசந்தம் வரை வடிவம் கலையாது.

யூவுக்குப் பெரும் எதிரி தேங்கும் தண்ணீர். களிமண் நிலத்தில் வடிகால் செய்யாமல் நட்டால் வேர் அழுகி மரம் பட்டுப்போகும். ஆகவே குழி தோண்டுவதற்கு முன், மழை பெய்த மறுநாள் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

நஞ்சும் மருந்தும்

தாய்மார்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. யூ மரம் நஞ்சு. இலை, பட்டை, விதை எல்லாமே உயிருக்கு ஆபத்தானவை. பெண் மரத்தில் காய்க்கும் சிவப்புப் பழத்தின் சதை மட்டுமே நஞ்சற்றது. அந்தச் சதைக்குள் இருப்பதோ நஞ்சு விதை. செக்கச்செவேலென்ற பழம் குழந்தையின் கையை இழுக்கத்தானே செய்யும்! தவழும் குழந்தையோ ஓடியாடும் பேரப்பிள்ளையோ உள்ள வீடாயின் நன்றாக யோசித்தே நடுங்கள். ஆண் செடியாகப் பார்த்து வாங்கினால் பழத்தின் தொல்லை குறையும். ஆனாலும் இலையின் நஞ்சு அப்படியேதான் இருக்கும். வெட்டிய தழைகளை உடனே கூட்டி அள்ளுங்கள். வேலிக்கு அப்பால் வீசாதீர்கள். காய்ந்த பிறகும் அவை ஆடு, மாடு, குதிரைகளைக் கொல்லும்.

அதே மரத்தில் மருந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் பசுபிக் கரையோர யூ மரப்பட்டையிலிருந்து பக்ளிடக்செல் கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பிய யூவின் இலையிலுள்ள ஒரு பொருளிலிருந்து டொசிடக்செல் உருவாக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு உலகெங்கும் இன்று கொடுக்கப்படும் மருந்துகள் இவை. வேலியில் வெட்டிய யூ தழைகளை இங்கிலாந்தில் இதற்கெனச் சேகரித்ததும் உண்டு.

யூ குளிர்தேசத்து மரம். நம் கொழும்பிலோ காத்தான்குடியிலோ நட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஆனால் இங்கிலாந்தில் வீடு வாங்கிய மகள், முற்றத்தில் எதை நடலாம் உம்மா என்று கேட்டால், தண்ணீர் தேங்காத நிலமும் விபரமறிந்த பிள்ளைகளும் இருந்தால் யூவையே நடச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருந்தால் சில வருடம் பொறுத்து நடட்டும். முந்நூறு வருடம் நிற்கக்கூடிய மரத்துக்குச் சில வருடம் பெரிய தாமதமல்ல.