மெல்லச் சொன்னால் கேட்பதில்லையே!

குளியலறையில் பாடாத பெண் உண்டா? வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் நம் பாட்டு யார் காதிலும் விழாது என்கிற தைரியம்தான்! அமெரிக்காவில் பால் சைமன் என்ற இளைஞருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பெற்றோர் வீட்டுக் குளியலறையில் விளக்கை அணைத்து, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கிடார் வாசிப்பாராம். சுவரில் எதிரொலி நன்றாக வருமல்லவா! அப்படி உருவான பாட்டுத்தான் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'. மௌனத்தின் ஓசை. கூடவே இருந்தும் மனம் விட்டுப் பேசிக்கொள்ளாத மனிதர்களைப் பற்றிய பாட்டு.

அவரும் பள்ளித் தோழர் ஆர்ட் கார்ஃபங்கலும் சேர்ந்து நாட்டுப்பாடல் பாணியில் பாடிய முதல் இசைத்தட்டு 1964 அக்டோபரில் வெளிவந்தது. இந்தப் பாட்டும் அதில் இருந்தது. பக்கவாத்தியம் அதிகம் கிடையாது; இரண்டு குரல்களும் மெல்லக் குழைந்து வரும். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை! சுமார் 3,000 பிரதிகளே விற்றன. மனம் சோர்ந்து இருவரும் பிரிந்தார்கள். சைமன் இங்கிலாந்து போய்ச் சின்னச் சின்ன மன்றங்களில் பாடினார். கார்ஃபங்கல் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார்.

1965 ஜூனில், தட்டைத் தயாரித்த டாம் வில்சன் ஒரு காரியம் செய்தார். பாடியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதே பதிவின் மேல் டிரம்ஸும் மின்சாரக் கிடாரும் சேர்த்துவிட்டார். அதைக் கேட்டுச் சைமன் திடுக்கிட்டாராம். ஆனால் 1966 ஜனவரியில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்துவிட்டது! அதே வரிகள், அதே குரல்கள். மெல்லச் சொன்னபோது கேட்காத ஊர், கொட்டு சேர்ந்ததும் காது கொடுத்தது.

பிறகென்ன, பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள். இரண்டாவது தட்டின் பெரும்பகுதியை 1965 டிசம்பரில் அவசரம் அவசரமாகப் பதிவு செய்தார்கள். சைமன் இங்கிலாந்தில் தனியாகப் பாடி வெளியிட்டிருந்த பல பாட்டுகளை இருவரும் சேர்ந்து புதிதாகப் பாடினார்கள். 1966 ஜனவரி 17 அன்று 'சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்' வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 21-ஆம் இடம் வரை ஏறியது. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் அந்நாட்டு நூலகம் 2013-ல் அதைச் சேர்த்துக்கொண்டது.

'அடுப்படிக்காரிக்கு இந்தக் கதையெல்லாம் எப்படித் தெரியும்?' என்கிறீர்களா? 1983-ல் நாங்கள் பிலாயில் இருந்தோம். கையில் மூன்று மாதக் குழந்தை. அவருக்கு ஷிப்ட் வேலை. எனக்கோ ஹிந்தி தெரியாது. பகலெல்லாம் குழந்தையின் அழுகையும் என் அழுகையும்தான் துணை. திருச்சியில் படித்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, பொழுது போகும், கேட்டுப் பாரு" என்று எழுதி, இந்தப் பாட்டுகளைக் காஸெட்டில் பதிவு செய்து அனுப்பினான்.

அதில் ஒரு பாட்டு, தனியாக வாழ்ந்து தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றியது. லண்டன் பத்திரிகையில் வந்த சின்னச் செய்தியைப் பார்த்துச் சைமன் எழுதினாராம். அக்கம்பக்கத்தார் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம், 'அவர் ஒரு மாதிரியான ஆள்' என்பதுதான். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. என்னைப் பற்றியும் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தார்கள்!

நான் வாய் திறக்காமல் இல்லை. "மனசு சரியில்லை" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தேன். "பிள்ளை பெற்றவளுக்கு எல்லாம் இருக்கிறதுதான்" என்று பதில் வந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததும், "என்னங்க, இப்படி உட்காருங்க. எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, குழந்தையைத் தூக்கவே பயமா இருக்கு. நாளைக்கு என்னை டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் லேடி டாக்டரிடம் போனோம். அடுத்த வாரமே அம்மாவும் வந்து சேர்ந்தாள். மெல்ல மெல்லத் தேறினேன்.

இளம் தாய்மார்களே! பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாமா என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அது உடம்புக்கு வருகிற நோயைப் போலத்தான். சிகிச்சை உண்டு, குணமாகும். முதல் தடவை சொன்னது யார் காதிலும் ஏறவில்லையா? இன்னொரு தடவை, கொட்டு சேர்த்துச் சொல்லுங்கள்.

மாமியார்களே, நாத்தனார்களே! 'அவள் ஒரு மாதிரி' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா செய்யுது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.