முதல் தையலுக்கு ஒரு நாற்காலி மெத்தை

தையல் கத்துக்கறவங்க நாற்காலி மெத்தையில ஆரம்பிங்க. கழுத்து, கை வளைவுன்னு எதுவும் இல்லை, எல்லாமே நேர்த்தையல். நானும் இதுலதான் ஆரம்பிச்சேன்.

துணிக்கு நம்ம பக்கம் என்னங்க பஞ்சம்? நான் எடுத்தது சென்னிமலைப் போர்வை. கைத்தறிப் பருத்தி, நல்ல கெட்டி. பருத்தி சுருங்கும்கிறதால வெட்டறதுக்கு முன்னாடியே அலசிக் காயவெச்சுருங்க. சுத்தியும் அரை அங்குலம் தையலுக்கு விடணும். மிஷினுக்கு 16-ஆம் நம்பர் ஊசி மாட்டினா கெட்டித் துணியிலும் தையல் விட்டுப்போகாது.

நல்ல பக்கம் உள்ளே இருக்கற மாதிரி வெச்சு மூணு பக்கம் தைச்சு, நாலாவதுல ஒரு சாண் வாய் விடுங்க. திருப்பறதுக்கு முன்னாடி, தையல்ல படாம மூலைத் துணியைக் குறுக்கே கத்தரிச்சுரணும். அப்புறம் உள்ளே விரலை விட்டுத் தள்ளினா முனை கூரா வந்து நிக்கும் பாருங்க, அந்தச் சந்தோஷமே தனி!

உள்ளே அடைக்க ஃபோம் சுலபம்தான். ஆனா என் ஓட்டு இலவம்பஞ்சுக்கு. உட்கார்ந்தா சூடு ஏறாது. அமுங்கிப் போனாலும் வெயில்ல போட்டுத் தட்டினா உப்பிரும். வாயைக் கையூசியால மூடிக்கலாம்.

அடுத்து திண்ணைக்கு நீள மெத்தை. புவிசார் குறியீடு வாங்கின பவானி ஜமக்காளத்துலதான் தைக்கணும்னு ஆசை. அந்தக் கனத்துக்கு வீட்டு மிஷின் தாங்குமா? தைச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க.