அரக்கனும் வேர்வையும்

சின்ன வயசுல அப்பாயிகிட்ட கேட்டேன்: "அரக்குன்னா என்ன அப்பாயி?" நாங்கள் லயத்தில் சாராயம் என்போம். கலஹா கடைத்தெருவில் சிங்கள அண்ணன்மார் அரக்கு என்பார்கள்.

"அரக்கன் குடிக்கிறது, அதான் அரக்கு"ன்னு சொல்லுச்சு அப்பாயி. சம்பள நாள் ராத்திரி, தவறணையிலிருந்து அப்பா வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவன் நான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

போன மாதம் பேராதனையில், நூலகத்தில் ஓர் ஆங்கில அகராதியைப் புரட்டும்போது 'அரக்' கண்ணில் பட்டது. போத்தல் லேபிள்ல இருக்கிற அதே சொல். மூலம் அரபு. பொருள், வேர்வை! கள்ளைக் காய்ச்சினால் ஆவி குளிர்ந்து துளித்துளியாகச் சொட்டும் இல்லையா, அது வேர்ப்பது மாதிரி இருப்பதால் இந்தப் பெயராம். கடல் வணிகத்தோடு நம் பக்கம் வந்து, இங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. சிங்கள அரக்கும் அதே சொல்தான். அரக்கனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதன்பிறகு தேடித்தேடி வாசித்தேன். கண்டி மலைகளில் தேயிலைக்கு முன்னால் காப்பி இருந்த காலத்திலேயே, சாராயம் விற்கும் உரிமையை பிரிட்டிஷ் அரசு ஏலம் விட்டிருக்கிறது. தோட்டத்து ஆளின் கூலி தவறணைக்குப் போனது. அங்கிருந்து குத்தகைக்காரருக்கு, அவரிடமிருந்து அரசுக்கு. இலங்கையின் பெரிய பணக்காரக் குடும்பங்கள் பல இந்தச் சாராயக் குத்தகையில்தான் முதல் சேர்த்தன என்று குமாரி ஜயவர்தன 2000இல் வந்த தன் நூலில் காட்டியிருக்கிறார்.

அப்பாவுக்கு கவ்வாத்து வேலை. குளிர் நாளிலும் சட்டை நனைந்துதான் வீட்டுக்கு வருவார். அந்த வேர்வைக்குக் கிடைத்த காசு, வேர்வை என்றே பெயர் வைத்த ஒன்றுக்குப் போயிருக்கிறது.

இதைச் சொல்லி அப்பாவை நியாயப்படுத்த வரவில்லை. அடி வாங்கியது அம்மா, நான் இல்லை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவரோட விசயம். ஆனா அப்பாவை அரக்கன்னு நினைச்ச காலத்தில், அந்தக் கதையில் அவரைத் தவிர வேறு ஆளே இருக்கவில்லை. ஏலம் விட்டவன், குத்தகை எடுத்தவன், அரைவயிற்றுக் கூலி கொடுத்தவன் யாரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு வீட்டுக்குப் போனப்போ அப்பாயிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வெத்தலையை மென்றுகொண்டே கேட்டது. அப்புறம் சொல்லுச்சு:

"அவன் வேர்வைய மட்டும் எழுதாத. அவன் குடிச்சதுல ஒங்கம்மா கொழுந்தெடுத்த காசும் இருந்துச்சு. அதையும் சேத்து எழுது."

எழுதிட்டேன் அப்பாயி.